இடுப்பு உயரத் தண்ணீர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருக்கு முதுகுவலி மட்டும் வழக்கம்போல இருக்கிறது. ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுக்கிற மனுஷனுக்கு ஒரு நாள் நிம்மதியாக மெத்தையில் படுக்க நேரமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே பொழுதை ஓட்டுகிறாயா என்று உண்மையாக எழுது.

சேதி கேள். நம் தெருவுக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. நகராட்சி ஆட்கள் தெருவைக் குடைந்து போட்டு, எல்லோர் வீட்டிலும் மண்ணை நிரப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு, தீயணைப்பு வண்டி வந்தால் தண்ணீர் பிடிக்க என்று சிவப்பாக ஒரு இரும்புக் குழாயை நட்டிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? நம் கடை வாசலுக்கு நேர் எதிரே! பக்கத்திலேயே ஒரு பெட்டி, அதற்குள் சுருட்டி வைத்த ஓஸ். ஹைட்ரன்ட் என்று ஏதோ பெயர் சொன்னார்கள். உன் அத்தான் அதைப் பார்த்ததுமே "மொட்டை"ன்னு பெயர் வைத்துவிட்டார். இப்போது தெருவே மொட்டை என்றுதான் சொல்கிறது.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னறை முழுக்கப் பஞ்சை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் அடுப்புப் பற்ற வைக்கும்போதெல்லாம் பயந்திருக்கிறேன்.

ஆனால் மொட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் விடக் கூடாதாம். மாநில அலுவலகத்திலிருந்து மேற்பார்வை அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டுமாம். யார் அந்த அதிகாரி என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்கள்! என் தம்பிதான் என்று நான் சொன்னதிலிருந்து தெருவில் எனக்கு ராஜமரியாதை. இரும்புக்கடைக்காரர் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார், போ.

அத்தான் பக்கத்தில் நின்று சொல்கிறார்: "மச்சான்கிட்ட சொல்லு, கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போகணும். ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினா தூணுல கட்டிப் போட்டுடுவேன்."

சீக்கிரம் வா.

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சாப்பாட்டைப் பற்றி நீ கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் திட்டுவாய், பொய் சொன்னால் கண்டுபிடிப்பாய். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். அத்தான் முதுகுக்குச் சூடு ஒற்றடம் கொடு.

உங்கள் தெரு என் கைக்கு வந்தது எனக்கும் தெரியும். என் அக்கா வீடு இருக்கிற தெரு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் எழுதியே கொடுத்தேன். "ஆளில்லைய்யா, நீயே போ. உன்னை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. வருகிற அன்று நான் முதலில் குழிக்குத்தான் போவேன், வீட்டுக்கு வரமாட்டேன். வேலை முடிகிற வரைக்கும் உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். முடிந்த பிறகு என்னைத் தூணில் கட்டட்டும், தூக்கில் வேண்டுமானாலும் போடட்டும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16

தம்பி,

நாங்கள் சௌக்கியம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். கல்நெஞ்சுக்காரர்களுக்கு என்ன குறை?

தெருவே வாசலைக் கூட்டி, நாற்காலி போட்டு, டீ போட்டு வைத்துக் காத்திருந்தது. நீ வந்தாய். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழியைத் தோண்டச் சொல்லி உள்ளே இறங்கினாய், குழாயை அளந்தாய், மொட்டையின் வாயில் என்னவோ கடிகாரம் போல ஒன்றை மாட்டிப் பார்த்தாய். "நாலு இஞ்ச் குழாய். ஆறு இஞ்ச் இருக்கணும். கொடுக்க முடியாது" என்றாய். அவ்வளவுதான். மொட்டையின் தலையில் கம்பியைச் சுற்றி ஈயத்தில் சீல் வைத்து, சாக்கைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். போட்ட சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தாய்.

இப்போது என் நிலைமையைக் கேள். எழுந்து நின்ற இரும்புக்கடைக்காரர் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று என் காதுபடவே, "ரெண்டு இஞ்ச் விட்டுக் கொடுத்தா அந்தத் தம்பிக்கு என்ன குறைஞ்சிடும்? அவங்க அப்பன் வீட்டுக் குழாயா?" என்று கேட்டார். நம் அப்பாவை இழுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம். ஆனால் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எதற்காகத்தான் வேண்டாம் என்றாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நாலு பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் அத்தானுக்கு மட்டும் துளிக் கோபமில்லை. "சபாஷ்டா மச்சான்! அக்கா வீடுன்னு பல்லிளிக்காம நின்னான் பாரு, ஆம்பள" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. "ஆறு இஞ்ச்." நேற்று ராத்திரி படுக்கும்போது "ஆறு இஞ்சு ஊர் போய்ச் சேர்ந்திருப்பானா?" என்று கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ திட்டி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். திட்டாமல் இருந்திருந்தால்தான் பயந்திருப்பேன்.

இரும்புக்கடைக்காரருக்கு இப்படிச் சொல். உங்கள் தெருவில் தண்ணீரின் வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேட்டுத் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது, நான் அளந்து பார்த்தேன், அருமையான அழுத்தம். குறை குழாயின் அகலத்தில். ஒல்லியான உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்திருக்கிறாய் அல்லவா, வேகமாக இழுத்தால் என்ன ஆகும்? குழல் ஒட்டிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வந்து மோட்டாரைப் போட்டு இழுத்தால் நாலு இஞ்ச் குழாய்க்கும் அதே கதிதான். வெறுமையாகிப்போன குழாய் சும்மா இருக்காது, சுற்றி மண்ணில் இருக்கிற சாக்கடையை விரிசல் வழியே உள்ளே இழுக்கும். மறுநாள் தெருவே அதைக் குடிக்கும். ஒரு ஊரில் இப்படி நடந்து குழந்தைகள் போயிருக்கின்றன. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஆறு இஞ்ச் சட்டம். யாரோ வேலையில்லாமல் உட்கார்ந்து எழுதியது இல்லை.

நகராட்சிக்குக் குழாயை மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன். அதுவரைக்கும் சீல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இங்கே அலுவலகத்தில் சிலர், "அக்கா தெரு ஆச்சே, சீலை வச்சிட்டு சாவியைக் கொடுத்துட்டு வந்திருப்பான்" என்று பேசிச் சிரிக்கிறார்களாம். அந்த சீல் உடைந்தால் முதலில் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். வேலையே போனாலும் போகும். அதனால் அந்த மொட்டைக்கு இனி நீதான் காவல். உன்னைத் தாண்டி ஒரு ஈ போகுமா? சின்ன வயதில் என் மிட்டாய் டப்பாவை நீ காவல் காத்த லட்சணம்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அத்தானிடம் சொல், "ஆறு இஞ்ச்" எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ தலையில் துணி போடாமல் குழி குழியாக இறங்காதே.

சாக்கடை விஷயத்தைச் சொன்னதும் தெரு அடங்கிவிட்டது. கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் இப்போது உன் பக்கம். இரும்புக்கடைக்காரர்தான் இன்னும் முணுமுணுக்கிறார்.

காவல் வேலை ஜோராக நடக்கிறது. போன வாரம் ஒரு லாரிக்காரன் வண்டி கழுவ வேண்டும் என்று சாக்கை அவிழ்த்துவிட்டான். நான் துடைப்பக்கட்டையோடு ஓடினேன் பார், "யார்றா அது, கவர்மெண்ட் சீல்ல கை வைக்கிறவன்!" என்று. அவன் வாளியைப் போட்டுவிட்டே ஓடிவிட்டான். வாளி இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் தம்பிக்கு சம்பளம், உனக்கு வாளியா?" என்கிறார். காலையில் வாசல் தெளிக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த ஈயக் குண்டைத்தான். உன் கையால் அழுத்திய முத்திரை அதில் தெரிகிறது. உன்னையே பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு நல்ல சேதி. கல்லூரி விடுதிக்கு மெத்தை தைக்கும் வேலை மொத்தமாக அத்தானுக்கு வந்திருக்கிறது. முன்னறையில் பஞ்சு மூட்டை கூரையைத் தொடுகிறது. பஞ்சு அடிக்கிற மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது. பேசுவதே காதில் விழுவதில்லை, இருமிக்கொண்டே வேலை செய்கிறார். அந்த ஆறு இஞ்சைச் சீக்கிரம் போடச் சொல்லேன். நகராட்சியில் கேட்டால் குழாய் வரவில்லை என்கிறார்கள், குழாய் வந்தால் ஆள் வரவில்லை என்பார்கள்.

உனக்கு எப்போது லீவு?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நகராட்சிக்கு மறுபடியும் எழுதினேன். அவர்கள் ஆற அமரத்தான் செய்வார்கள். என்னால் கேட்கத்தான் முடியும், தோண்ட முடியாது.

பஞ்சு பற்றி நீ எழுதியது மனதில் உறுத்துகிறது. அத்தானை மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி வைக்கச் சொல். மெஷின் வயர் பழசு, நான் வந்தபோதே பார்த்தேன். மாற்றச் சொல்.

இங்கே கடைத்தெருவில் வளைந்த மெத்தை ஊசி ஒன்று பார்த்தேன், முழங்கை நீளம், நல்ல எஃகு. அத்தானுக்காக வாங்கி வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் லீவில் வரும்போது நானே கொண்டுவருகிறேன். அவரிடம் சொல்லாதே, கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தம்பி


ஜூன் 9

அக்கா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நலமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுது.

உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தது தப்பு என்று பஸ் கிளம்பின உடனேயே தோன்றியது. என்னோடு வந்துவிடு அக்கா. இங்கே இரண்டு அறை இருக்கிறது. அந்தக் கருகின முன்னறையையும் அத்தான் படத்தையும் பார்த்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்?

வந்திருந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகத்தான் சொன்னாய், மெஷின் வயரில் பொறி பறந்தது, பஞ்சு பிடித்தது, எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. அதையே நான்கைந்து தடவை சொன்னாய். சரி அக்கா. அப்படியே இருக்கட்டும்.

இரும்புக்கடைக்காரர் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்த ஊசியை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்ப எடுத்துவர மனசு வரவில்லை.

உன் தம்பி


ஜூலை 3

அக்கா,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? இரும்புக்கடைக்கு போன் போட்டேன், நீ நடமாடுகிறாய் என்று சொன்னார்கள். ஒரு வரி எழுது. என் மேல் கோபம் என்றால் அதையாவது எழுது.

தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் மேல் எனக்கு என்னடா கோபம்?

அங்கே வர இப்போது முடியாது. விடுதி மெத்தையில் பாதி அவர் தைத்து முடித்தது, பின்னறையில் இருந்ததால் தப்பியது. மீதியை நான் தைத்துக் கொடுத்தாக வேண்டும். அவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், நான் கையை விரிக்க முடியுமா? உன் ஊசியில்தான் தைக்கிறேன். நன்றாக ஏறுகிறது. அவர் பார்த்திருந்தால் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்.

இரும்புக்கடைக்காரர் உன்னிடம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றுமே சொல்லவில்லையா? நிஜமாகவா? சும்மா கேட்டேன். அவர் எதையாவது பெரிதாக்கிப் பேசுகிற ஆள், அதற்காகக் கேட்டேன்.

ஆறு இஞ்ச் குழாய் வந்து தெருவோரம் இறங்கியிருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஒரு சந்தேகம். அதைக் கேட்க வேண்டுமென்றால் நான் சொல்லாததைச் சொல்ல வேண்டும். இனிமேல் என்னால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் முடியவில்லை தம்பி. நேரம் இருந்தது.

பகல் நேரம். பொறி பறந்ததும் அவரும் நானும் வெளியே ஓடி வந்துவிட்டோம். அவருக்கு ஒரு காயமும் இல்லை. முன்னறையில் ஒரு மூலையில்தான் எரிந்தது. வாளி வாளியாக ஊற்றினோம், கட்டுப்படவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. இரும்புக்கடைக்காரர் ஓஸ் பெட்டியைத் திறந்து ஓஸை எடுத்துக்கொண்டார், அவர் கடைப் பையன் கடப்பாரையோடு மொட்டையிடம் ஓடினான். சீலை உடைக்கப் போனார்கள். நான்தான் குறுக்கே போய் நின்றேன். மொட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "உடைக்காதீங்க, என் தம்பி வேலை போயிடும், வண்டி இதோ வந்துடும்" என்று கத்தினேன். இரும்புக்கடைக்காரர் என்னைப் பிடித்து இழுத்தார். உன் அத்தான் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, "விடுங்கண்ணே, பஞ்சுதானே, போனாப் போகுது. மச்சான் வச்ச சீலு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார் தம்பி. முகமெல்லாம் கரி, பல் மட்டும் தெரிந்தது.

வண்டி வந்தது. அதில் இருந்த தண்ணீர் பாதி அணைப்பதற்குள் தீர்ந்துவிட்டது. மொட்டையில் சீலைப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் நிரப்பிக்கொண்டு வருகிறோம் என்று போனார்கள். அதற்குள் நெருப்பு மறுபடி ஏறி, பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் இருந்த மூட்டைகளை நோக்கிப் போனது. "அந்த ரெண்டு மூட்டையை இழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். புகை. அவ்வளவுதான். நான் அப்போதும் மொட்டை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது என் கேள்வி. வண்டி இழுத்தால் குழாய் வெறுமையாகும் என்று எழுதினாய், அது புரிகிறது. ஆனால் அன்று வண்டி இல்லை. வெறும் ஓஸ்தான். தண்ணீரின் வேகத்துக்குக் குறை இல்லை, அருமையான அழுத்தம் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அந்த நாலு இஞ்ச் தண்ணீர், ஒரே ஒரு அறைக்கு, அந்த ஒரு மூலைக்கு, போதுமா போதாதா? நான் தடுக்காமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா?

நீ எதையும் மறைத்துக் கையெழுத்துப் போடாதவன். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். எது உண்மையோ அதை எழுது. தாங்கிக்கொள்வேன்.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

நீ சொன்னது எனக்கு முன்பே தெரியும். பஸ் ஸ்டாண்டில் இரும்புக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க அக்கா உனக்காக நின்னாங்கப்பா" என்றார். உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவல் என்று விளையாட்டாக எழுதியவன் நான்தானே. அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். போதாது அக்கா.

அன்று அழுத்தம் அருமை என்று எழுதியது என் தப்பு. கடிகாரம் போல நான் மாட்டிப் பார்த்த அந்த அழுத்தமானி பழுதானது. பிறகு அலுவலகத்தில் சோதித்தபோதுதான் தெரிந்தது, உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் தெருவில் வேகமே இல்லை. அந்தக் குழாயில் ஓஸை மாட்டித் திறந்திருந்தால் தண்ணீர் இடுப்பு உயரத்துக்குக்கூட எழும்பியிருக்காது. வாசலைத் தாண்டி உள்ளே விழுந்திருக்காது. வாளியில் ஊற்றியதைவிட அது எந்த விதத்திலும் மேல் இல்லை. பஞ்சு உள்ளுக்குள் கனல்கிற நெருப்பு, அதற்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சீலை உடைத்திருந்தாலும் அத்தான் அந்த மூட்டைகளை இழுக்க உள்ளே போயிருப்பார். பக்கத்து வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளா அவர்? நீ தடுத்ததால் எதுவும் மாறவில்லை. இதை ஒரு தம்பியாகச் சொல்லவில்லை. மேற்பார்வை அதிகாரியாகச் சொல்கிறேன். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தி அனுப்புகிறேன்.

ஆறு இஞ்ச் குழாயைச் சோதிக்க அடுத்த மாதம் வேறொரு அதிகாரி வருவார். நானே கேட்டு மாற்றிக்கொண்டேன். அந்தச் சீலை என் கையால் அவிழ்க்க என்னால் முடியாது.

சாப்பிடு. தூங்கு. இதை நினைக்காதே.

உன் தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்கிறாயா? உன் கடிதம் வந்ததும் முதலில் அழுதேன், பிறகு ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். முத்திரையெல்லாம் வேண்டாம், உன் வார்த்தை போதும்.

விடுதி மெத்தைகளை முடித்துக் கொடுத்துவிட்டேன். உன் அத்தான் தைத்தது எது, நான் தைத்தது எது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரிகிறது. அவர் தையல் நெருக்கமாக இருக்கும்.

நேற்று புது அதிகாரி வந்தார். உன்னைப் போலத்தான், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுக் குழாய் ஆறு இஞ்ச், புது மொட்டை, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு முன்னால் பழைய நாலு இஞ்ச் குழாயைக் காலி செய்து மூட வேண்டும் என்று நகராட்சி ஆட்கள் வந்து, உன் சீலை வெட்டிவிட்டு, பழைய மொட்டையில் அந்தப் பெட்டியில் இருந்த ஓஸையே மாட்டித் திறந்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. இரும்புக்கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்ததும் கடைக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கடைசி வரைக்கும் நின்றேன்.

நீ எழுதியதுதான் சரி தம்பி. தண்ணீர் இடுப்பு உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. நானே என் கண்ணால் பார்த்துவிட்டேன். இனிமேல் நீயும் அதை நினைக்காதே. மறந்துவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு பெண்ணைப் பார்க்கட்டுமா, சொல்.

அந்த ஈயக் குண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் எழுதலாம், ஆனால் மாடிக்குப் போக வேண்டும். இங்கே மழையே இல்லை, நல்ல வெயில்தான். மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் நேற்று சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது, உன் அத்தானின் நீலச் சட்டையும் சேர்த்து. பிழிந்து மறுபடி போட்டேன். இன்னும் காயவில்லை.

உன் அக்கா